வேப்பமரக் குழாய்க்கு மூன்று பூட்டு

மே 5, திங்கள்

நேற்றிலிருந்து அக்னி. விடிவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. கம்பெனி பஸ் லேட். பக்கத்து சீட்டில் ரேவதி. வல்லக்கோட்டை தாண்டும் வரை மாமியார் புராணம்.

செய்ய வேண்டியது:
கேஸ் புக் பண்ண.
மகளுக்கு ஹாஸ்டலுக்கு ஊறுகாய்.
யூனிஃபார்ம் பட்டன்.
வேப்பமரத்துக்குத் தண்ணீர்.

கடைசி வேலையை எழுதும்போதே கோபம் வருகிறது. ஏன் நானே? இந்த வீட்டில் கை உள்ள ஆள் நான் ஒருத்திதானா?

ஒரகடம் ரோட்டில் உள்ள வேம்பெல்லாம் பச்சைப் பசேல் என்று காய் பிடித்து நிற்கிறது. நம் வீட்டில் மட்டும் இலை மஞ்சள். படுக்கையறைப் பக்கக் கிளைகளில் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பார்த்தால் வயிறு எரிகிறது.

அந்த மரம் எங்களுக்கு அழகுக்கு இல்லை. மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் நிழலில்தான் இவர் பகலில் தூங்குகிறார். மாசியிலிருந்து இவருக்கு சி ஷிஃப்ட். பிரஸ் ஷாப் மெயின்டனன்ஸ். மெஷினை ராத்திரியில்தான் நிறுத்துவார்களாம். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும். மதியத்துக்கு மேல் வெயில் நேராகச் சுவரில் அடிக்கும். மரம் இல்லையென்றால் அந்த அறை இட்லிப் பானை. ஏசி போடு என்கிறாள் ரேவதி. எங்கள் தெருக் கரண்டுக்கு மிக்ஸியே முக்குகிறது.

எனக்கு ஏ ஷிஃப்ட், அதன் தலையில் தினமும் ஓடி என்கிற ஓவர்டைம். இருட்டும் நேரம் வீடு. நான் உள்ளே வர இவர் வெளியே போக, வாசலில் டிபன் பாக்ஸ் கைமாறும். அவ்வளவுதான் குடித்தனம்.

இவர் போனதும் நாலு பக்கெட் ஊற்றினேன். மரத்தைச் சுற்றி நான் வெட்டிய வட்டப் பாத்தி காய்ந்து வெடித்துக் கிடந்தது. காலையில் வீட்டுக்கு வருகிற ஆள், மதியம் வரை மாடி ரூமில் இருக்கிற ஆள், ஒரு சொம்பு ஊற்றினால் கை தேய்ந்துவிடுமா?

மே 6, செவ்வாய்

காற்றே இல்லை. கொடியில் துணி அசையவில்லை.

மாடி ரூம் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம். டயர் கம்பெனியில் பி ஷிஃப்ட். நான் வருவதற்குள் போயிருப்பான், நான் தூங்கின பிறகு வருவான். வாடகை ஃபோனில் வரும். ஆளைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கு. ஆனால் அவன் குப்பையைத் தினமும் பார்க்கிறேன். தேங்காய் மட்டை, சருகு, வாழைச்சருகு, எல்லாம் வேப்பமரத்தடியில் குவியல். குப்பை வண்டி வாசலுக்கே வருகிறது. இறங்கி வந்து போட இவனுக்குக் கால் வலிக்கிறது.

வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கொஞ்சம் காட்டமாகத்தான். பதில் வந்தது: "அக்கா, அது குப்பை இல்லக்கா, மரத்துக்குத்தான் போட்டிருக்கேன். சூடு எறங்காம இருக்கும். அப்படியே கெடக்கட்டும்க்கா."

மரத்துக்காம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றத் துப்பில்லை, போர்வை போர்த்துகிறான்.

இது போதாதென்று இவர் நட்டு வைத்த எர்த் பைப் வேறு. மூடி போட்ட பிவிசி, மரத்துக்குப் பக்கத்திலேயே. எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னதற்கு நட்டது போலிருக்கிறது. இன்று அதில் இடித்து கால் நகம் பெயர்ந்தது. மஞ்சள் வைத்திருக்கிறேன். விண் விண் என்கிறது.

நாலு பக்கெட். நொண்டிக்கொண்டே.

மே 9, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வாசலில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டே, செருப்பு மாட்டிக்கொண்டே, ஏதோ பால் திரிந்துபோன விஷயம் போலச் சொல்கிறார்.

"நேத்து ஒரு நியர் மிஸ் ஆயிட்ச்சி."

"இன்னா நியர் மிஸ்?"

"ஒன்னும் இல்லமே. பூட்டு போட மறந்துட்டேன்."

பிரஸ் மெஷினுக்குள் கை விடும் முன் மெயினை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தன் போட்டோ ஒட்டிய சிவப்புச் சீட்டையும் தொங்கவிட வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் ஒரே கொக்கியில் நாலு பூட்டு. கடைசிப் பூட்டு கழலும் வரை மெஷின் ஓடாது. இது அங்கே சாமி கும்பிடுவது மாதிரி. புதிதாக வரும் பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே இவர்தான். அந்த ஆள், பூட்டுப் போடாமல், தூக்கக் கலக்கத்தில் கையை உள்ளே விட்டிருக்கிறார். எதிரில் நின்றவன் கத்தியிருக்கிறான்.

"ரெண்டு நாளா ரூம்ல தூங்க முடியல. சுவரு கொதிக்கிது. மரத்துல எலயே இல்ல பாரு, வெயிலு மூஞ்சில அடிக்கிது. நீ மரத்த பாக்கவே மாட்டேன்ற."

நான் பார்ப்பதில்லையாம். நான்!

பதில் சொல்வதற்குள் பஸ் ஹாரன். போய்விட்டார். அந்த இரண்டு கைகளும் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று எட்டு பக்கெட்.

மே 11, ஞாயிறு

படப்பை நர்சரிக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கடைக்காரரிடம் ஃபோனில் மரத்தின் படத்தைக் காட்டினேன். பாதி பார்வை போட்டார். மீதிப் பார்வை கார் நிறுத்துகிற கஸ்டமர் மேல்.

"தண்ணி பத்தலம்மா. நல்லா காட்டுங்க."

எத்தனை நாளாக மஞ்சள், மண் எப்படி, எதையும் கேட்கவில்லை. ஒரு சொட்டுநீர் கிட்டைத் தூக்கி முன்னால் வைத்தார். டைமர் உண்டாம், ஃபோனிலேயே திறந்து மூடலாமாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பக்கெட்டுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

இதுவரை வந்த யோசனைகள்:
ரேவதி: அரிசி கழுவின தண்ணீர்.
எதிர் வீட்டு டெய்லர் அக்கா: அடிமரத்தில் ஊற்றாதே, கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கோ அங்கே ஊற்று.
யூடியூப் ஆள் 1: பாட்டிலில் ஊசி ஓட்டை போட்டுக் கவிழ்த்து வை.
யூடியூப் ஆள் 2: பாட்டில் வைக்கவே வைக்காதே.
நாத்தனார் (ஃபோனில்): "வெட்டிட்டு ஷீட்டு போடு சாந்தி. எதுக்கு இந்த ரோதன."

டெய்லர் அக்கா சொன்னது நியாயமாகப் பட்டது. பாத்தியை அகலமாக வெட்டினேன். மேல்மண் பாறை. மண்வெட்டி எகிறியது. இவ்வளவு காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படித்தான் தூங்குகிறார்களோ, மாடியிலும் கீழேயும்.

மே 14, புதன்

படுக்கையறைப் பக்கம் ஒரு பெரிய கிளை முழுக்க மொட்டை. சமையலறைப் பக்கம் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது.

ஜன்னலில் ஈரப் போர்வை தொங்குகிறது. இவர் வேலை. கண்ணைப் பார்த்தால் மிளகாய்ப் பழம். பகலில் ஒரு மணி நேரம் கூடத் தூங்கவில்லையாம். இந்தக் கண்ணோடு போய் மெஷினுக்குள் தலையை விடுவார்.

லீவு போடச் சொன்னேன். மெமோ கொடுத்திருக்கிறார்களாம், இப்போது லீவு கேட்டால் வேறு மாதிரி ஆகிவிடுமாம்.

"அந்த மரத்த வெட்டிப் போட்டுட்டு ஓலையாவது கட்றேன். அது இனிமே தேறாது."

"வெட்டிப் பாரு. வெட்டற கைய நான்…"

மீதி வார்த்தையை விழுங்கினேன். வாய் வரை வந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது. பாக்ஸை வாங்கிக்கொண்டு போனார்.

என் வாயை எதால் தைப்பது.

மே 16, வெள்ளி

லைனில் பார்ட்ஸ் இல்லை, ஷட்டவுன், இரண்டு நாள் வராதே என்று நேற்றே மெசேஜ். பகலில் வீட்டில் இருப்பது எப்படி என்பதே மறந்துபோயிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இல்லையென்றால் பிறகு நானே நம்ப மாட்டேன்.

காலையில் இவர் வந்தார். என்னைப் பார்த்து அரண்டுபோனார்.

"இன்னாமே, ஒடம்புக்கு இன்னா?"

ஒன்றுமில்லை, ஷட்டவுன் என்றேன். டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மரத்தடிக் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையை அந்த எர்த் பைப்புக்குள் விட்டு, திருகைத் திறந்துவிட்டு, பக்கத்தில் குந்திப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குளுகுளுவென்று உள்ளே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது.

"எர்த்துக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி?"

"எர்த்தா? இன்னா சொல்ற நீ? மரத்துக்குமே. பைப்புல ஓட்ட போட்டு ஆழமா எறக்கியிருக்கேன். தண்ணி நேரா வேருக்குப் பூடும். மேல ஊத்துனா வெயில்ல ஆவியாத்தான் போவும். மாசிலேர்ந்து டெய்லி வுட்டுகினு கீறேன். நீதான் ஒரு சொம்பு ஊத்த மாட்டேன்ற."

"நானா? நான் தினம் நாலு பக்கெட்டு ஊத்தறேன். இந்த வாரம் எட்டு."

"எங்க ஊத்தற? காலைல வந்து பாத்தா பாத்தி வெடிச்சி கெடக்குது."

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கை கால் கழுவுகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

சண்டை போட எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவர் கண் சொருகுகிறது. போய்ப் படுங்கள், எழுந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு சண்டையைத் தள்ளிப்போட்டது இது முதல் தடவை. சமையலறையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். கடை அரிசியில் கல்லே இல்லை. இருந்தாலும் பொறுக்கினேன்.

மதியத்துக்கு முன் மாடிப்படியில் தட் தட். சுடலை. இரண்டு கையிலும் தண்ணீர் கேன். நேராக மரத்தடிக்குப் போனான். மட்டைக் குவியலை ஒதுக்கினான். அடியில் பானை வாய் தெரிகிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கழுத்து வரை புதைத்த மண்பானைகள். கேனைக் கவிழ்த்தான்.

நான் பின்னால் போய் நின்றேன். திரும்பினவன் கேனைக் கீழே போட்டுவிட்டான்.

"யக்கா! நீங்க வேலைக்குப் போவலையா?"

"இது இன்னாடா?"

"பானைக்கா. அடியில ஓட்டை போட்டு துணித்திரி வச்சிருக்கேன். கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சிக்கிட்டே கெடக்கும். எங்கூர்ல இப்படித்தான் மரம் காப்பாத்துவோம். நீங்க ரெண்டு பேரும் ஓடுதீங்க, மரத்த யாரு பாக்கா? நாமளாவது ஊத்துவோம்னுதான்…"

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு எல எல்லாம் கொட்டிச்சுல்லா, மாசில? அப்பலேருந்து ஊத்துதேன்."

உள்ளே இவர் தூங்குகிறார். கத்த முடியாது. கிசுகிசுத்துக்கொண்டே திட்டினேன். அவனும் கிசுகிசுத்துக்கொண்டே பதில் சொன்னான். ஒரு பெரிய சண்டை, கோயில் கருவறைக்கு முன்னால் பேசுகிற சத்தத்தில். டெய்லர் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

சுடலை ஷிஃப்டுக்குப் போன பிறகு கடப்பாரையை எடுத்தேன். மரத்திலிருந்து இரண்டடி தள்ளி இறக்கினேன். மேலே ஒரு ஜாண் கல். அதற்கப்புறம் அதுவாக உள்ளே போனது, நான் அழுத்தவே இல்லை. இழுத்தால் நுனியெல்லாம் கறுப்புச் சேறு. சாக்கடை நாற்றம்.

இந்த இடம் இவர்கள் வீட்டுப் பழைய நெல் வயல். மேலே லாரியில் கொட்டின கிராவல், அடியில் களிமண். ஊற்றின தண்ணீர் எல்லாம் களிமண் மேல் போய்க் குளமாகத் தங்கியிருக்கிறது. மேலே வெயிலில் வெடித்த மண்ணைப் பார்த்துப் பார்த்து ஆளுக்கு ஆள் ஊற்றியிருக்கிறோம். வேர் அழுகுகிறது. வாடின இலை தாகத்திலும் மஞ்சள், மூழ்கினாலும் மஞ்சள். எந்தப் பாவி அப்படி வைத்தானோ.

மாசியில் வேம்பு இலை உதிர்க்கும். வருஷா வருஷம் உதிர்த்திருக்கும். நாங்கள் பார்த்ததில்லை. இவர் பகலில் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தோம், பயந்தோம், ஊற்ற ஆரம்பித்தோம். பங்குனியில் துளிர் விட்டது. என் தண்ணீர் என்று நான் நினைத்தேன். மற்ற இரண்டு பேரும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

காக்கா போட்ட விதை. யாரும் வைக்கவில்லை, யாரும் ஊற்றவில்லை, வளர்ந்து ஆளாகி நிழல் கொடுத்தது. இந்த வருஷம்தான் எங்கள் கண்ணில் பட்டது. சாகிறது.

இவர் எழுந்ததும் சுடலையின் பானைக் கதையைச் சொல்லி, கடப்பாரையைக் கொண்டுபோய் மூக்கருகில் நீட்டினேன். மோந்து பார்த்தார்.

"மூனு ஷிஃப்ட்டும் தண்ணி ஓட்டிக்கிறோம்மே," என்றார்.

யாரைத் திட்டுவது? மூன்று பேரும் நல்லவர்கள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் இந்நேரம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

மே 17, சனி

பைப்பைப் பிடுங்கினோம். பானைகளையும் தோண்டி எடுத்தோம். சுடலை லீவு போட்டுவிட்டான். இவரும் தூங்காமல் வந்து நின்றார், அதற்கு ஒரு சண்டை. மரத்திலிருந்து தெருக் கால்வாய் வரை ஒரு பள்ளம் வெட்டி, தேங்கின தண்ணீரை வடிய விட்டோம். கறுப்பாக ஓடியது. மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

இனி யாரும் ஊற்றக் கூடாது. மேலே எவ்வளவு காய்ந்தாலும் சரி. கடப்பாரை அடி வரை உலர்ந்து வரும் வரை கூடாது.

"நீ ஊத்துவே," என்றார் என்னைப் பார்த்து.

"நீங்க ஊத்த மாட்டீங்களா?"

"அண்ணாச்சிதான் ஊத்துவாவ," என்றான் சுடலை. "காலைல பல்லு தேய்க்கும்போது கை தானா திருகுக்குப் போவும்."

கடைசியில் இவர் ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி செய்து மரத்தடிக் குழாயில் மாட்டினார். மூன்று பூட்டு வாங்கி வந்தார். ஆளுக்கு ஒன்று. மூன்று பேரும் ஒன்றாக வந்து திறந்தால்தான் தண்ணீர். கம்பெனியில் இருப்பது போலவே ஒரு சிவப்புச் சீட்டும் ஜெராக்ஸ் கடையில் அடித்து, தன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டித் தொங்கவிட்டார். "ஆபத்து. இந்த ஆள் உள்ளே வேலை செய்கிறார். கழற்றினால் இவர் உயிர் போகும்."

"மரத்துக்கு எதுக்கு உங்க மூஞ்சி?" என்று கேட்டேன்.

"நான்தானே உள்ள தூங்கறேன்," என்றார்.

மே 20, செவ்வாய்

வெயில் ஏறிக்கொண்டே போகிறது. இலை உதிர்வது நிற்கவில்லை.

சுடலை ஊருக்குப் போய்விட்டான். குலதெய்வம் கோயில் கொடையாம். பஸ் ஏறின பிறகு மெசேஜ்: "அக்கா சாவி எங்கிட்டதான் இருக்கு. வாரதுக்குப் பத்து நாளாவும்."

பொறுப்பு கெட்டவன். எங்கள் சாவி கையில் இருந்து என்ன பிரயோஜனம்? அதற்குள் மரத்துக்குத் தாகம் எடுத்துவிட்டால்? ஃபோன் செய்தேன். மேளச் சத்தம். ஒன்றும் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி.

மே 25, ஞாயிறு

இன்றைக்கு என்னால் முடியவில்லை.

மதியம். இவர் உள்ளே புரண்டுகொண்டிருக்கிறார். கட்டில் முனகுவது ஹாலுக்குக் கேட்கிறது. மரத்தில் பாதிக்கு மேல் குச்சி. பாத்தி மண் பொரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போல ஒரு கொடுமை இல்லை. பிள்ளை அழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

கடப்பாரை, சேறு, நாற்றம், எல்லாம் தெரியும். தெரிந்துதான் போனேன். மரத்தடிக் குழாய்க்குத்தானே பூட்டு, பாத்ரூம் குழாய்க்கு இல்லையே. பக்கெட் நிறையப் பிடித்தேன். தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டேன்.

சிவப்புச் சீட்டு. அதில் இவர் மூஞ்சி. பத்து வருஷத்துக்கு முந்திய மீசை. இந்த ஆள் உள்ளே வேலை செய்கிறார்.

இந்த மாதிரி ஒரு சீட்டைத் தொங்கவிட மறந்துதான் கையை உள்ளே விட்டார். சீட்டு தொங்கும்போது எவனாவது மெஷினை ஓட்டினால் அவனை நான் என்ன செய்வேன்? அந்த எவன் நான்தான், பக்கெட்டோடு நிற்கிறேன்.

துவைக்கிற கல்லில் ஊற்றிவிட்டு வந்தேன். உள்ளே வந்து கொஞ்சம் அழுதேன். கோபத்தில்தான்.

மே 29, வியாழன்

கோடை மழை. கம்பெனியில் இருந்தேன். ஷெட் கூரையில் சத்தம் கேட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள், நான் மட்டும் வானத்தைத் திட்டினேன். "உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் ரேவதி. யார் பூட்டுவது மேலே இருக்கிற குழாயை?

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். வெட்டின பள்ளத்தில் தண்ணீர் வடிந்து ஓடிக்கொண்டிருந்தது. இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் அடைத்த சருகை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. சேற்றுக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நானும் நனைந்துகொண்டே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 2, திங்கள்

சுடலை வந்துவிட்டான். பதனீர்க் கருப்பட்டி, முறுக்கு. அதெல்லாம் என்னிடம் செல்லாது.

"சாவிய விட்டுட்டுப் போவணும்னு அறிவில்ல?"

தலையைச் சொறிந்தான். "வேணும்னுதான்க்கா கொண்டு போனேன். விட்டுட்டுப் போனா நீங்க ஊத்திருப்பீங்க."

"பூட்டு இருந்தா இன்னா? பாத்ரூம்ல பக்கெட்டு கீதே."

முகம் வெளிறிவிட்டது. "ஊத்திட்டீங்களா?"

"இல்ல."

நம்பவில்லை. என் முன்னாலேயே கடப்பாரையை எடுத்து இறக்கிப் பார்த்தான். நுனியில் கொஞ்சம் ஈரம், நாற்றம் இல்லை. என்னை நம்பாமல் கடப்பாரையை நம்புகிறான். கருப்பட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஜூன் 8, ஞாயிறு

துளிர். செப்பு நிறத்தில், விரல் நுனி அளவு. சமையலறைப் பக்கக் கிளைகளில் மட்டும்.

படுக்கையறைப் பக்கம் போயே போய்விட்டது. பைப் இறக்கின பக்கம். குச்சியை ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது, உள்ளே பச்சை இல்லை. இவரே ஏறி வெட்டினார். இறங்கினதும் கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவினார். பாத்ரூமில்.

அறைக்கு இனி நிழல் இல்லை. மிச்சம் இருக்கிற பாதி மரம் சமையலறைச் சுவருக்குத்தான் நிழல் தருகிறது. கட்டில் அங்கே நுழையாது. கிரைண்டரை ஹாலுக்கு நகர்த்தினோம், அரிசி டின்னை அறைக்கு. அடுப்பு மேடைக்குக் கீழே பாய். தலைமாட்டில் கேஸ் சிலிண்டர். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் கோபம் போய்விடும்.

"பகல்ல அடுப்பு பத்த வெக்கக் கூடாது," என்றார்.

"பகல்ல நான் எங்க இருக்கேன், பத்த வெக்க?"

ஜூன் 13, வெள்ளி

ஆர்டர் குறைவாம். ஓடி கட். வெயில் இருக்கும்போதே வீடு.

மதியம் கேன்டீனில் சாம்பார் சாதம் ஊசிப் போயிருந்தது. சாப்பிடவில்லை. பஸ்ஸில் வரும்போதே ஒரு தோசை ஊற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். மாவு இருக்கிறது. நேற்று அரைத்த தேங்காய்ச் சட்னி இருக்கிறது.

எல்லாம் சமையலறையில் இருக்கிறது. சமையலறையில் இவர் இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. வாசல் வரை கேட்கிறது குறட்டை. மாசிக்குப் பிறகு இப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதில்லை.

அந்தக் கதவைத் தொட்டால் கிரீச் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தும். எண்ணெய் விடச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஊர் மெஷினுக்கெல்லாம் எண்ணெய் விடுகிற ஆள்.

மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையைக் கூட இறக்கவில்லை. துளிரெல்லாம் பச்சையாகிவிட்டது. பாத்தி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, கிடக்கட்டும். பூட்டில் ஒன்று துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. சுடலையுடையது. மலிவுப் பூட்டு. மூன்றையும் இவர்தான் வாங்கினார், அதற்கும் ஒரு நாள் கேட்க வேண்டும்.

பசி கண்ணை அடைக்கிறது. எழுந்ததும் இருக்கிறது இவருக்கு.

தெருமுனையில் ஏதோ வண்டி வருகிற சத்தம். தண்ணீர் லாரி போலிருக்கிறது. ஹாரன் மட்டும் அடித்துப் பார்க்கட்டும்.